நான் ஏற்றாத இரண்டாவது மெழுகுவர்த்தி

நஸ்ரின்,

உனக்கு என் ஸலாம். இந்த மாதக் கடைசியோடு நான் ஓய்வு பெறுகிறேன். லீவு கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வந்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மாலை போடவும் இரண்டு வார்த்தை பேசவும் பள்ளிக்கூடத்தில் ஆள் இருக்கிறது. ஆனால் முப்பத்து நான்கு வருடம் சாக்பீஸ் பிடித்த கை வீட்டில் சும்மா கிடக்கப் போவதற்கு முன்னால், உனக்கு எழுத வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. அதை உன் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பாமல், நீயும் நானும் உறுப்பினராக இருக்கிற இந்த முகநூல் அறிவியல் ஆசிரியர் குழுவில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை இப்படிச் சந்தியில் வைக்கிறாரே இந்த மனிதர் என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் உனக்குச் செய்ததும் சந்தியில்தான்.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. பாலக்கரை வீட்டில் இப்போது ஒரு டம்ளர் டீதான் போடுகிறேன். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கினால் சாயங்காலம் வரை பிள்ளைகள் சத்தம். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், காலையில் மடிக்காமல் விட்டுப்போன கைலி அதே நாற்காலியில் அதே மாதிரி கிடக்கும். அதை யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தினமும் ஒரு நொடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் சத்தமும் கிடையாது. பயமாகத்தான் இருக்கிறது. இதை உன்னிடம் போனில் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ கூப்பிடுவாய். "சாப்டீங்களா அத்தா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்பாய். "போட்டேம்மா. ஸ்கூல் எப்படிப் போகுது?" என்பேன். "போகுது அத்தா" என்பாய். அதோடு முடிந்தது. நானும் அறிவியல் வாத்தியார், நீயும் அறிவியல் டீச்சர். ஆனால் மாத்திரையைத் தவிர நமக்குள் பேச எதுவும் இல்லாமல் போய்விட்டது. நீ தர்மபுரிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படியா இருந்தாய்? தினமும் சாயங்காலம் போன் வரும். "அத்தா, இன்னைக்கு ஒரு புள்ள கேக்குது, மீனுக்குத் தாகம் எடுக்குமா டீச்சர்னு. நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறீங்க?" அம்மா அடுப்படியிலிருந்து, "வாத்தியாரும் வாத்திச்சியும் பேசி முடிச்சா சாப்பிட வரலாம்" என்று கத்துவாள். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான். உன் வகுப்பில் இன்று என்ன நடந்தது என்று நீ மறுபடியும் எனக்குச் சொல்ல வேண்டும். அது ஏன் நின்றுபோனது என்பது எனக்குத் தெரிய இரண்டரை வருடம் ஆனது.

முதலில் என் வாய்க்கொழுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் போனில் பாடம் போட ஆரம்பித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் அதிகம் கிண்டல் செய்தது நான்தான். யாராவது வகுப்பில் படம் பிடித்தால், "என்ன சார், ஷூட்டிங்கா? ஹீரோயின் வந்தாச்சா?" என்பேன். பாடம் நடத்துகிறவனுக்கு எதற்கு லைக், கரும்பலகைக்கு எதற்கு கேமரா என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். நீயும் வீடியோ போடப்போகிறாய் என்றதும் உன்னிடமும் அதையே சொன்னேன். "நிறைகுடம் தளும்பாதும்மா" என்றேன். நீ சட்டென்று, "தளும்பினாத்தான் அத்தா பக்கத்துல இருக்குற செடிக்குத் தண்ணி கெடைக்கும்" என்றாய். அம்மா உன் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தாள். பதில் தெரியாத இடத்தில் நான் என்ன செய்வேன் என்பது உனக்குத் தெரியும். எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

அம்மா இறந்து சில மாதங்களில் நானே முகநூலில் சேர்ந்தேன். தொழிலில் வளர வேண்டும் என்றெல்லாம் இல்லை. வீட்டில் மனித முகம் இல்லை, உன் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான். கூடவே, பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு கண் வைக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து இருக்கை வேதவல்லி டீச்சர்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, இந்தக் குழுவிலும் சேர்த்துவிட்டார். கணக்குப் பாடம் நடத்துகிறவர், ஸ்ரீரங்கத்திலேயே வீடு, கோபமே வராத மனுஷி. நான் எந்தப் பதிவுக்குக் கீழே எதை எழுதினாலும் "இப்படிக்கு" போட்டு, பெயர், எம்.எஸ்சி., பி.எட்., பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்) என்று முழுசாக எழுதுவேன். "சார், பேரு மேலயே வந்துடும்" என்று அவர் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அப்போதுதான் நீ அந்த மெழுகுவர்த்தி வீடியோவைக் குழுவில் போட்டாய். அறிவியல் அல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தைத்தான் தண்ணீர் பிடிக்கிறது, அதனால் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது நிரூபணமாகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீயோ அந்த வீடியோவில், அது காரணமில்லை, சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அதனால்தான் தண்ணீர் ஏறுகிறது என்றாய். பாதி வீடியோவுக்கு மேல் நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் நின்றபடியே கமெண்ட் எழுதினேன். "தவறு. ஆக்சிஜன் தீர்வதால்தான் நீர் ஏறுகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருகிறேன். பிள்ளைகளிடம் பிழையான கருத்தைப் பரப்ப வேண்டாம். ஆசிரியர் என்ற முறையில் மட்டுமின்றி, இவரின் தந்தை என்ற முறையிலும் சொல்கிறேன். மதிப்பெண் 4/10." கீழே வழக்கம்போல என் பட்டங்கள்.

நான்கு மதிப்பெண் போட்டதே தாராளம் என்று நினைத்தேன் நஸ்ரின். மற்ற ஆசிரியர்கள் வந்து, "அப்பாவா இருந்தாலும் விட்டுக்கொடுக்காத நேர்மை" என்று எழுதினார்கள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருவர். ஒரு மணி நேரத்தில் வீடியோவே அங்கே இல்லை. தவற்றை உணர்ந்து எடுத்துவிட்டாய் என்று எண்ணிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, நன்றி சொல்வாய் என்று உண்மையாகவே காத்திருந்தேன். மாத்திரை போட்டேனா என்று கேட்டுவிட்டு வைத்தாய்.

இது எனக்குப் புதுப் பழக்கம் இல்லை. நீ ஒன்பதாம் வகுப்பில் என்னிடமே படித்தாய். காலாண்டுத் தேர்வில், எடைக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டை நீ குழப்பி எழுதியிருந்ததை வகுப்பு முழுவதற்கும் படித்துக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் உன் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வாத்தியார் மகள் என்று சலுகை காட்டவில்லை என்ற பெருமை எனக்கு. அன்று பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலக்கரை வரை நின்றே வந்தாய், பக்கத்தில் இடம் இருந்தும். வீட்டில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏங்க, தப்புன்னா வீட்ல வச்சு சொல்லக் கூடாதா? நாலு பேரு முன்னாடிதான் சொல்லணுமா?" நான் சிரித்துவிட்டு, "நாலு பேரு முன்னாடி சொன்னாத்தான் நாலு பேரும் திருந்துவாங்க" என்றேன். என்னோடு இருபத்தொன்பது வருடம் வாழ்ந்தவள். எந்த இடத்தில் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சரியென்று தெரிந்ததைச் சத்தமாகச் சொல்வதுதான் கற்பித்தல் என்று நான் ரொம்ப காலம் நம்பிவிட்டேன்.

அந்தக் கமெண்டுக்குப் பிறகு உன் பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. வீடியோ போடுவதையே விட்டுவிட்டாய் என்று முடிவு செய்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகள் என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று வேதவல்லி டீச்சரிடம் சொல்லிக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வந்து, விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அன்றே அவருக்கு விஷயம் தெரியும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

என்னை முதலில் அசைத்தது நீ இல்லை, ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. அறிவியல் புத்தகத்தின் கடைசியில் கணினிப் பாடம் ஒன்று வரும்; திரையில் ஒரு பொம்மையை நகர்த்துவது எப்படி என்று. அந்தப் பாடம் வந்த நாளிலிருந்து, "அது சுலபம், வீட்ல படிச்சுக்குங்க" என்று தாண்டிவிடுவேன். எனக்கு அது தெரியாது. போன வருடம் அந்தப் பெண் எழுந்து, கேலியே இல்லாமல், "சார், எங்க அக்காவுக்கும் நீங்க இந்தப் பாடத்த நடத்தலியாம். எங்களுக்காவது நடத்துங்க சார்" என்றது. சரி என்று சொல்லிவிட்டேன். இளையவர்களிடம் கேட்க வெட்கம். நான் கிண்டல் செய்தவர்கள்தானே அத்தனை பேரும். கடைசியில் காவிரிப் பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது, இந்தக் குழுவில் என் சந்தேகத்தை எழுதினேன். எழுதி அழித்து எழுதி, நான்காவது தடவைதான் போட்டேன். பட்டங்களைப் போடவில்லை, எம்.எஸ்சி. படித்தவன் இதைக் கேட்கிறானா என்பார்களே.

லால்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தனிச் செய்தியில் வந்தார். உன் வயதுதான் இருக்கும். "வணக்கம் சார். அங்க எழுதினா ரொம்ப நீளமாப் போயிடும், அதான் இங்க வந்தேன்" என்று தொடங்கி, படிப்படியாகப் படம் எடுத்து அனுப்பினார். நீளம் காரணமில்லை என்று மறுநாள்தான் எனக்கு உறைத்தது. என் அறியாமையை நானூறு பேர் முன்னால் வைத்துப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பாடத்தை நடத்தினேன். பொம்மை நகர்ந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகத் தட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. காலை பஸ்ஸில் முன்பெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன், இப்போது குழுவைப் பார்க்க ஆரம்பித்தேன். ஜீயபுரத்திலிருந்து ஒரு டீச்சர், காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி, தண்டுக்குள் நிறம் ஏறுவதைக் காட்டினார். அதை நானும் செய்தேன். இத்தனை வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே காலம் தள்ளியிருக்கிறேன். நான் அலட்சியமாக நினைத்த இடத்தில் ஆயிரம் வகுப்பறைகளின் கதவு திறந்திருந்தது. எந்தத் தலைமையாசிரியர் அனுமதியும் இல்லாமல் பின் பெஞ்சில் போய் உட்காரலாம். தனியாக இருக்கிற கிழவனுக்கு அது பெரிய துணை. அதே சமயம், அதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். எனக்கு விழுந்த லைக்குகளை எண்ண ஆரம்பித்தேன். ஒரு நாள் குறைந்தால் அன்று சோறு இறங்காது. நீ இதில் என்னைவிட அனுபவசாலி. இருந்தாலும் சொல்கிறேன், அந்த எண்ணிக்கையை நம்பாதே. அது உன் பாடத்துக்கு விழுவது பாதி, ஆளுக்கு விழுவது பாதி. உன்னைத் தவறு என்று எழுதிய என் கமெண்டுக்கு நூற்றுக்கும் மேலே விழுந்தது.

போன ஜனவரியில் நானும் ஒரு வீடியோ போட்டேன். எதைப் போட்டேன் தெரியுமா? அதே மெழுகுவர்த்தி. ஒன்றும் உள்நோக்கம் இல்லை என்று வேதவல்லி டீச்சரிடம் சொன்னேன். பொய். உனக்குப் பதில் சொல்லத்தான் போட்டேன். நீ பார்ப்பாய், பார்த்து மனம் மாறி ஏதாவது எழுதுவாய், சண்டைக்காவது வருவாய் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் போனைப் பிடிக்க, ஆய்வுக்கூடத்தில் நின்று கம்பீரமாக ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனை நிரூபித்தேன். பாராட்டுகள் வந்தன. நீ வரவில்லை. லால்குடி சார் மட்டும் தனிச் செய்தியில் ஒரு வரி அனுப்பியிருந்தார். "நல்லா இருக்கு சார். ஒரு சின்ன சந்தேகம், ரெண்டு மெழுகுவர்த்தி வச்சுப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை முற்பகல் அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்ற வேகத்தில்தான். கரண்டு போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்திக் கட்டு, அம்மாவின் பீங்கான் தட்டு, ஒரு கண்ணாடி டம்ளர். ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். தண்ணீர் வழக்கமான உயரத்துக்கு ஏறியது. அதே டம்ளர், அதே அளவு காற்று, அதே அளவு ஆக்சிஜன். அப்படியானால் எத்தனை மெழுகுவர்த்தி வைத்தாலும் தண்ணீர் அதே உயரத்தில்தான் நிற்க வேண்டும். இரண்டு வைத்தேன். அதிகம் ஏறியது. மூன்று வைத்தேன். இன்னும் அதிகம். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழ்கள் வெளியே போவதையும், சுடர் எரிகிறவரை சும்மா இருந்த தண்ணீர், அணைந்த பிறகு விறுவிறுவென்று ஏறுவதையும் அன்றுதான் பார்த்தேன். அது அன்று மட்டும் நடந்ததில்லை நஸ்ரின். முப்பத்து நான்கு வருடமும் என் கண்ணெதிரில் அப்படித்தான் நடந்திருக்கிறது. எனக்கு விடை தெரியும் என்பதால் நான் பார்க்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. எழுந்திருக்கத் தோன்றாமல் மதியம் ளுஹர் பாங்கு கேட்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா இருந்திருந்தால், அடுப்படியை இப்படியா பண்ணி வைப்பீர்கள் என்று திட்டியிருப்பாள். திட்ட ஆளில்லாத வீட்டில் தரையில் ஒழுகிய மெழுகை நானே சுரண்டினேன்.

உன் பழைய வீடியோவைத் தேடிப் பிடித்து, அதன் கீழேயே நான் தவறு என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். வீடியோ இல்லாவிட்டாலும் உன் பக்கமாவது இருக்குமே என்று தேடினேன். உன் பெயரே வரவில்லை. திங்கட்கிழமை வேதவல்லி டீச்சரிடம், "பாவம், கணக்கையே மூடிட்டா போல. நாந்தான் அவ ஆர்வத்தக் கெடுத்துட்டேன்" என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்கோ. உங்க பொண்ணு எதையும் மூடல. உங்கள பிளாக் பண்ணியிருக்கா" என்றார்.

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவர் விளக்கவில்லை, தன் போனில் உன் பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போவதுபோல வெளியே போய்விட்டார். இரண்டரை வருடமும் அதில் இருந்தது. வாரம் தவறாமல் ஒரு பாடம். நீ கண்ணாடி போட்டிருக்கிறாய், எனக்குத் தெரியாது. உன் வகுப்பறைச் சுவருக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறாய். மெழுகுவர்த்திப் பாடத்தையும் புதிதாக எடுத்துப் போட்டிருந்தாய், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. அதன் கடைசியில் ஒரு மாணவி, "டீச்சர், அப்ப உங்களுக்குச் சொல்லிக்குடுத்த டீச்சர் தப்பாவா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்கிறது. நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறாய்: "எனக்குச் சொல்லிக்குடுத்தவரு ரொம்ப நல்ல வாத்தியாரு. ஒரு மெழுகுவர்த்தியோட நிறுத்திட்டாரு, அவ்வளவுதான்." ஆசிரியர் அறையில் எட்டாம் வகுப்பு நோட்டுகள் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அறுபது வயதில் பள்ளிக்கூடத்தில் அழுத வாத்தியார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் மருமகனுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் மழுப்பினார். "பழசு மாமா, விடுங்க" என்றார். வற்புறுத்திய பிறகு சொன்னார். "நீங்க எழுதினத யாரோ அவ ஸ்கூல் குரூப்ல போட்டுட்டாங்க மாமா. பெத்த அப்பாவே நாலு மார்க்தான் போட்டிருக்காருன்னு பேச்சு. மீட்டிங்ல ஹெச்செம் அம்மாவும் அதச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க. ரெண்டு நாளு அவ சாப்பிடல. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. எங்கத்தா எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல, அப்படின்னா." நீ வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம். பெயர் எடுக்க வேண்டிய காலம். அந்தப் பேச்சோடு தினமும் அதே ஆசிரியர் அறைக்குப் போய் வந்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிரஷரைப் பற்றியும் கேட்டிருக்கிறாய்.

ஒரு போன். அதுதான் நான் செய்திருக்க வேண்டியது. "என்னம்மா, நான் வேற மாதிரி படிச்சேனே" என்று கேட்டிருந்தால், நீ சிரித்துக்கொண்டே இரண்டாவது மெழுகுவர்த்தியை எனக்கு அன்றே ஏற்றிக் காட்டியிருப்பாய். என்னிடம் அறிவுரை எதுவும் பாக்கியில்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. உனக்கும் இருபது வருடம் போகும், முப்பது வருடம் போகும். ஒரு நாள் உன்னைவிட இளையவர் ஒருவர் நீ நடத்துவதற்கு மாறாக ஒன்று சொல்வார். அப்போது உனக்குக் கோபம் வந்தால், அந்தப் பாடத்தை நீ எத்தனை நாளாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்று முதலில் கேட்டுக்கொள். பிறகு வாயைத் திற. நான் இதை ஓய்வு பெறும் வருடத்தில் கற்றுக்கொண்டேன்; யாருக்கும் உபயோகமில்லாத நேரம். உனக்கு முன்னால் நிறைய வகுப்புகள் இருக்கின்றன.

ஆகவே இந்தக் குழுவில் உள்ள அத்தனை பேரும் அறிய எழுதுகிறேன். என் மகள் அன்று நடத்திய பாடம் சரி. நான் எழுதிய கமெண்ட் தவறு. அதைப் பாதி வீடியோ பார்த்துவிட்டு எழுதினேன். தந்தை என்ற முறையில் எழுதியது அதைவிடப் பெரிய தவறு. என் ஜனவரி வீடியோவை எடுத்துவிட்டேன். மூன்று மெழுகுவர்த்தியோடு வேறு ஒன்று போட்டிருக்கிறேன். அதை யாரிடமிருந்து கற்றேன் என்று அதிலேயே சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி வேதவல்லி டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், இத குரூப்ல போட்டா எல்லாரும் படிப்பா. உங்க பொண்ணுக்கு மட்டும் தெரியாது. பிளாக் பண்ணினா, நீங்க போடறதும் அவ கண்ணுல படாது." அப்படியானால் ஜனவரியில் நான் உனக்காகப் போட்டுவிட்டுக் காத்திருந்ததும் வீண்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு இங்கேயே போடுவது என்று முடிவு செய்தேன். உன்னைத் தவறு என்று சொன்னது இவர்கள் முன்னால். உன்னைச் சரி என்று சொல்வதும் இவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். நீ படித்தாலும் படிக்காவிட்டாலும் அது என் வேலை. நண்பர்களே, இதை யாரும் படம் எடுத்து அவளுக்கு அனுப்பாதீர்கள். அப்பா மன்னிப்புக் கேட்கிறாரே என்று நாலு பேர் சேர்ந்து அவளை நெருக்க வேண்டாம்.

என்னை அங்கே திறந்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை மகளே. நான் இல்லாத இடத்தில் நீ நன்றாகப் பாடம் நடத்துகிறாய். வரும் ஞாயிற்றுக்கிழமை நானே உன்னைக் கூப்பிடுகிறேன். நான் செய்தது தப்பு என்று வாயால் ஒரு முறை சொல்கிறேன். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. பிறகு உன் ஏழாம் வகுப்புக்கு இப்போது என்ன பாடம் போகிறது என்று கேட்பேன். நீ சொன்னால், முடிகிறவரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அத்தா